கல்லாகிப்போன உலகம்: கடலடிக் குகைப் படம் பற்றி எல்லோரும் கேட்ட கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பழைய படம் ஒன்று போடுவோம். ப்ரொஜெக்டர் இரவல், திரை அப்பாவின் எட்டு முழ வேட்டி. பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். இந்தப் படத்தை வெவ்வேறு கூட்டத்துக்கு மூன்று தடவை போட்டுவிட்டேன், மூன்று தடவையும் ஏறக்குறைய அதே இடத்தில் அதே சந்தேகம் எழுந்தது. ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்திப் பதில் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. கதையின் முடிவும் பதில்களில் வரும், அதனால் படம் பார்க்காதவர்கள் யோசித்துவிட்டுத் தொடருங்கள் (மறைத்து வைக்கிற அளவுக்கு அதில் ரகசியம் இல்லை என்பது வேறு விஷயம்).

இது என்ன படம்? பேரே வாயில நுழையலையே.

தி இன்க்ரெடிபிள் பெட்ரிஃபைடு வேர்ல்டு. அமெரிக்கப் படம், கறுப்பு வெள்ளை, எழுபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1957-ல் எடுத்து 1959-ல் வெளியிட்டார்கள். இயக்குநரும் தயாரிப்பாளரும் ஒரே ஆள்தான், ஜெர்ரி வாரன். குறைந்த காசில் வேகமாகப் படம் முடிப்பதில் பெயர் வாங்கியவர், பிற்பாடு வெளிநாட்டுப் படங்களை வாங்கி நடுவில் தன் காட்சிகளைச் செருகிப் புதுப் படமாக விற்றவரும் இவரே.

இது தனியாக ஓடுவதற்கு எடுத்த படம் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே திறந்தவெளித் திரையரங்குகளில் காரில் உட்கார்ந்தபடி ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் பார்ப்பார்கள். அப்படி இதோடு ஜோடியாகப் போனது வாரனின் இன்னொரு படம், டீனேஜ் ஸோம்பீஸ். அதைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லப் போவதில்லை.

கதை என்னன்னு ரெண்டு வரில சொல்லுங்க, லேட்டா வந்துட்டேன்.

ஒரு பேராசிரியர் டைவிங் பெல் ஒன்றைச் செய்து, அதாவது கம்பிவடத்தில் கட்டிக் கடலுக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டு, அதில் இரண்டு ஆண்களையும் இரண்டு பெண்களையும் இதுவரை யாரும் போகாத ஆழத்துக்கு அனுப்புகிறார். வடம் அறுந்துவிடுகிறது. மேலே இருப்பவர்கள் நால்வரும் செத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுகிறார்கள். கீழே இவர்கள் வெளியில் ஏதோ வெளிச்சம் தெரிவதைப் பார்த்து, முதுகில் காற்று உருளையை மாட்டிக்கொண்டு நீந்திப்போய்க் காற்று நிறைந்த ஒரு குகைக்குள் ஏறுகிறார்கள். அங்கே பதினான்கு வருடத்துக்கு முன் கப்பல் உடைந்து ஒதுங்கிய ஒரு தாடிக்காரக் கிழவர் இருக்கிறார், இங்கிருந்து வெளியேற வழியே கிடையாது என்கிறார். ரெண்டு வரியில் முடியவில்லை, மன்னிக்கவும்.

கல்லாப்போன உலகம்னு பேரு வச்சிருக்கான், எங்க சார் கல்லாப்போச்சு?

எதுவும் கல்லாகவில்லை. பாறை முதலிலிருந்தே பாறையாகத்தான் இருக்கிறது. இந்த வகைப் படங்களில் தலைப்பும் சுவரொட்டியும்தான் கூட்டத்தை உள்ளே இழுக்க வேண்டும், உள்ளே வந்து ஏமாந்தவர் காசைத் திருப்பியா கேட்கப் போகிறார்?

ஜான் காரடைன்னு பெருசா போட்டுட்டு, அவரு தண்ணியிலேயே இறங்கலையே?

கவனித்துவிட்டீர்கள். பேராசிரியராக வருபவர் அவர்தான். ஜான் ஃபோர்டு என்ற பேர்பெற்ற இயக்குநரின் படங்களில் நடித்தவர், 1956-ல் வந்த டென் கமாண்ட்மெண்ட்ஸ் படத்தில் மோசேயின் அண்ணன் ஆரோனாக வந்தவரும் இவரே. ஒரு பக்கம் அப்படிப்பட்ட படங்கள், இன்னொரு பக்கம் கூப்பிட்டால் போய் நடித்துக்கொடுக்கிற இந்த மாதிரிப் படங்கள் என்று நூற்றுக்கணக்கில் நடித்துத் தள்ளினார்.

பேர்பெற்ற நடிகரைச் சில நாட்களுக்கு மட்டும் அமர்த்தி, அவர் காட்சிகளை எல்லாம் ஒன்றிரண்டு அறைகளிலும் கப்பல் மேல்தளத்திலுமாக எடுத்து முடித்துவிட்டு, பெயரை மட்டும் முதலில் போடுவது சின்னப் படங்களின் பழைய கணக்கு. கதையிலேயே அவர் மேலே, மற்றவர்கள் கீழே என்று பிரித்து வைத்துவிட்டதால் அது இங்கே உறுத்தவும் இல்லை. நான் ரசித்த சிக்கனங்களில் ஒன்று இது. ஒன்றுமில்லாத வசனத்தைக்கூட அந்தக் கரகரத்த குரலில் அவர் சொல்லும்போது ஏதோ இருப்பதுபோல் தோன்றும்.

மத்த முகம் எதுவும் தெரிஞ்ச முகமா இல்லையே.

நமக்குத் தெரியாது, அமெரிக்காவில் ஒரு தலைமுறைக்குத் தெரியும். கசப்பான பேச்சுக்காரியாக வருகிற ஃபிலிஸ் கோட்ஸ், 1952-ல் தொடங்கிய சூப்பர்மேன் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவத்தில் நாயகி லோயிஸ் லேனாக நடித்தவர். நாயகன் ராபர்ட் கிளார்க்கும் அந்தக் கால அறிவியல் புனைவுப் படங்களில் அடிக்கடி தென்பட்டவர்.

ஆரம்பத்துல டிஸ்கவரி சேனல் மாதிரி ஓடுதே, தப்பான ஃபைல் போட்டுட்டீங்களா?

சரியான ஃபைல்தான். யாரோ எப்போதோ எடுத்துவைத்த கடல் காட்சிகளை வாங்கி, ஆக்டோபஸும் சுறாவும் கட்டிப் புரள்வதை ஓடவிட்டு, மேலே ஒரு குரலைப் பேசவைத்துவிட்டார்கள். இதற்கு ஸ்டாக் ஃபுட்டேஜ் என்று பெயர். நம் பழைய படங்களில் திடீரென்று ஒரு ரயிலோ வெள்ளமோ செய்திப்படத்தின் தரத்தில் வந்து போகும் பாருங்கள், அதே வித்தைதான்.

ஆனால் ஒன்று. எழுபது நிமிடப் படத்தில் சொந்தமாக எடுக்காத நிமிடங்கள் சேரச் சேரச் செலவு குறையும், கூடவே பார்ப்பவரின் பொறுமையும் குறையும். இந்த ஆக்டோபஸ் சண்டையை வைத்துப் பின்னால் கதையில் ஒரு ஆபத்தாவது வந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வரவில்லை.

குகை செட்டு மாதிரியே தெரியலையே, நிஜக் குகையா?

நிஜம்தான், படத்தின் பெரிய சொத்தே அது. அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கொலோசல் கேவ். சுண்ணாம்புக்கல் குகை, சுற்றிலும் பாலைவனம், கள்ளிச்செடி. கடலுக்கடியில் என்று நாம் நம்புகிற ஒவ்வொரு அடியும் பாலைவனத்துக்கு அடியில் நடக்கிறது. இன்னொரு வேடிக்கை, அதை வறண்ட குகை என்பார்கள், தண்ணீர் சொட்டுவது எப்போதோ நின்றுபோய்ப் பாறை விழுதுகள் வளர்வதும் நின்றுவிட்டது.

1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அமெரிக்க அரசு வேலை கொடுத்த திட்டத்தின் கீழ் உள்ளே நடைபாதையும் படிக்கட்டும் கட்டினார்கள். வருடம் முழுக்க உள்ளே 21 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். யோசித்துப் பாருங்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பாதை, வெயில் இல்லை, மழை இல்லை, செட் போடுகிற ஆசாரிக்குக் கூலி இல்லை. காசில்லாத தயாரிப்பாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசி வரைக்கும் ஒரு பூதம் கூட வரலையே?

ஒரு உடும்பு மாதிரிப் பிராணி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். மற்றபடி அரக்கன் வேலையைப் பார்ப்பது கிழவர்தான். முதலில் பாவமாகத் தெரிந்து, அப்புறம் அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியைத் தனியாகப் பார்க்கும்போது வேறு ஆளாக மாறுகிறார். எண்ணமாக இதில் தப்பே இல்லை, ஆள் அரவமற்ற இடத்தில் பதினான்கு வருடம் இருந்தவனைவிட ரப்பர் உடை போட்ட பூதம் பயங்கரமா என்ன? அந்தத் தாடிதான் காரியத்தைக் கெடுக்கிறது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வள்ளுவர் வேடம் போடுகிற பையனுக்கு இதைவிட நன்றாக ஒட்டியிருப்பார்கள்.

ஏன் எல்லாரும் உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க?

மூன்று கூட்டத்திலும் இந்தக் கேள்வி வந்தபோது ஒருவராவது தூங்கியிருந்தார். காரணம் எளிது. நாலு பேரைப் பாறைமேல் உட்காரவைத்துக் கேமராவை ஒரே இடத்தில் நிறுத்திப் பேசவைத்தால் ஒரு மணி நேர வேலையில் ஐந்து நிமிடப் படம் கையில் கிடைக்கும். அதே நாலு பேர் ஒரு பாறை இடுக்கில் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து ஏறி, நடுவில் ஒருவர் வழுக்கி விழுவதாக எடுத்தால் கேமராவை ஏழெட்டு இடத்துக்கு மாற்ற வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் விளக்கை மாற்ற வேண்டும், கிடைப்பது ஒரு நிமிடம்.

இதை ஒப்புக்கொண்டாலும் எனக்குக் கோபம் போகவில்லை. பணமில்லை என்பதற்காக நான் எந்தப் படத்தையும் திட்டியதில்லை. அதற்காக, முன்னால் சொன்ன அப்பேர்ப்பட்ட குகை ஓசியில் கிடைத்த மாதிரி கிடைத்தும், அதைத் துணித்திரைபோல முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்து வாழ்க்கையைப் பற்றிப் பேசினால் எப்படி? இருட்டு, குறுகல், தூரத்தில் ஒரு சத்தம், கூட வந்தவரின் கைவிளக்கு அணைவது, இதற்கெல்லாம் காசே வேண்டாம். வழி தெரியாத பயம் ஒரு காட்சியில்கூட நம்மைத் தொடவில்லை. வாரன் காசை மிச்சம் பிடித்தது சரி, மிச்சம் பிடித்த இடம்தான் தப்பு.

இந்த மாதிரி இரும்புக் குண்டுல இறங்கினது நிஜமாவே நடந்துதா, கதையா?

நடந்தது, அதுவும் படத்தைவிட ருசியான கதை. வில்லியம் பீபி என்ற இயற்கையியலாளரும் ஓட்டிஸ் பார்ட்டன் என்ற பொறியாளரும் 1930-லிருந்து பெர்முடா தீவுக்குப் பக்கத்தில் பாத்திஸ்ஃபியர் என்ற எஃகு உருண்டைக்குள் உட்கார்ந்து இறங்கினார்கள். உள்ளே ஒன்றரை மீட்டர் அகலம்கூடக் கிடையாது, இரண்டு பேர் காலை மடக்கி உட்கார வேண்டும். 1934 ஆகஸ்ட் 15 அன்று 923 மீட்டர் ஆழம் போனார்கள். ஆக்ஸிஜன் உருளை உள்ளேயே, கரியமில வாயுவை உறிஞ்ச ஒரு தட்டில் ரசாயனம். காற்றைச் சுழலவைக்க என்ன செய்தார்கள் தெரியுமா, ஓலை விசிறியால் விசிறிக்கொண்டார்கள்! மின்சாரம் நின்றால் நாம் செய்கிற அதே வேலை, அரை மைலுக்கும் கீழே.

கதவை வெளியிலிருந்து போல்ட் முடுக்கித்தான் மூடுவார்கள். உள்ளே இருப்பவர் திறக்கவே முடியாது. வடம் அறுந்தால் அதோடு சரி. இந்தப் பயமே இல்லாதபடி, ஆகஸ்ட் பிக்கார் என்ற சுவிஸ் விஞ்ஞானி வடமே இல்லாமல் தானே மூழ்கித் தானே மிதந்து வருகிற கலத்தை யோசித்தார். மேலே பெட்ரோல் நிரப்பிய பெரிய மிதவை, கீழே பாரத்துக்கு இரும்புக் குண்டுகள், மேலே வர வேண்டுமானால் குண்டுகளைக் கொட்டிவிட வேண்டியதுதான். அப்படிச் செய்த த்ரியெஸ்தெ என்ற கலத்தில் அவர் மகன் ழாக் பிக்காரும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி டான் வால்ஷும் 1960 ஜனவரி 23 அன்று கடலிலேயே மிக ஆழமான இடமான மரியானா அகழியின் அடியைத் தொட்டார்கள், கிட்டத்தட்ட 10,900 மீட்டர். நம் படம் திரைக்கு வந்த மறு வருடமே நிஜம் அதைத் தாண்டிப் போய்விட்டது.

கூண்டோட கதவைத் திறந்து நீந்திப் போறாங்களே, அது முடியுமா?

முடியாது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். பேச்சுக்கு 500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 60 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டக் கதவின்மேல் சுமார் 140 டன் எடை உட்கார்ந்திருக்கிற மாதிரி தண்ணீர் அழுத்தும், முப்பது யானை என்று கணக்கு வையுங்கள். தள்ளித் திறக்க முடியாது. எப்படியோ திறந்துவிட்டால், உள்ளே சாதாரண அழுத்தத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கதி அதோகதிதான்.

அதையும் விட்டுவிடுவோம், வெளியே வந்துவிட்டார்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தபடி சுமார் 30 மீட்டர் தாண்டினாலே நைட்ரஜன் தலைக்கேறிக் குடித்தவன்போல் ஆகத் தொடங்கும், 60, 70 மீட்டருக்குக் கீழே ஆக்ஸிஜனே நஞ்சாகி வலிப்பு வரும் ஆபத்து. படத்தில் நீந்துகிறவர்கள் ஏதோ கிணற்றில் குளிக்கிற மாதிரி போய்வருகிறார்கள்.

சரி, கடலுக்கடியில காத்து நிறைஞ்ச குகை இருக்கலாமில்ல? எரிமலைத் துவாரம் வழியா காத்து வருதுன்னு அந்தத் தாத்தா சொல்றாரே.

இதற்கு ஒரு வாளியும் டம்ளரும் எடுத்து வந்து மாடியிலேயே செய்து காட்டினேன், நீங்களும் செய்து பாருங்கள். டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு நிற்கும். அதாவது மூடிய குகையில் காற்றுப் பை இருக்கலாம், ஆனால் அந்தக் காற்றும் சுற்றியுள்ள தண்ணீரின் அதே அழுத்தத்துக்கு நசுங்கியிருக்கும், முந்தைய பதிலில் சொன்ன தொல்லைகள் எல்லாம் அங்கேயும் உண்டு. இப்போது அடிப்பக்கம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டம்ளரை அதேபோல் அமுக்குங்கள். காற்று புஸ்ஸென்று வெளியேறி, வெளியே எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் உள்ளேயும் ஏறிவிடும். தாத்தா சொல்கிற துவாரம் நிஜமாக மேல்காற்றோடு இணைந்திருந்தால் அது அந்த ஓட்டைதான். குகை தண்ணீரால் நிரம்பியிருக்கும், தாத்தாவும் இருந்திருக்க மாட்டார். போதாக்குறைக்கு எரிமலைத் துவாரத்திலிருந்து வருவது கரியமில வாயுவும் கந்தக வாயுவுமாக இருக்கும், அதைச் சுவாசித்து ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

அப்படின்னா காத்துப் பையில மாட்டி உயிர் பிழைச்சவங்களே கிடையாதா?

இருக்கிறார். 2013 மே மாதம் நைஜீரியக் கரைக்கு அப்பால் ஜாஸ்கான்-4 என்ற இழுவைக் கப்பல் கவிழ்ந்து சுமார் 30 மீட்டர் ஆழத்தில் தலைகீழாக உட்கார்ந்தது. அதன் சமையல்காரர் ஹாரிசன் ஒகேனே ஒரு சின்ன அறையின் மூலையில் மாட்டிய காற்றில், இருட்டில், குளிரில், கையில் ஒரே ஒரு கோக் பாட்டிலோடு சுமார் 60 மணி நேரம் இருந்தார். கூட இருந்தவர்களில் வேறு யாரும் பிழைக்கவில்லை. சடலங்களை எடுக்கத்தான் முக்குளிப்பவர்கள் உள்ளே போனார்கள்.

குகைக் கூரையிலேர்ந்து விழுது விழுதா தொங்குதே, கடலுக்குள்ள அதெல்லாம் இருக்குமா?

இந்தக் கேள்வி கேட்ட பெண் நிலவியல் படிக்கிறாள், நான் பதில் சொல்வதற்குள் பாதியை அவளே சொல்லிவிட்டாள். கூரையிலிருந்து காற்றில் தண்ணீர் சொட்டி, சுண்ணாம்பு படிந்து படிந்துதான் விழுது வளரும். தண்ணீர் நிரம்பிய குகையில் வளராது. எனவே கடலுக்கடியில் விழுது இருந்தால், அந்த இடம் ஒரு காலத்தில் தரையாக இருந்தது என்று அர்த்தம். பெலீஸ் நாட்டுக் கடலில் இருக்கிற பெரிய நீலக்குழியில் அப்படி விழுதுகள் நிஜமாகவே தொங்குகின்றன, 1971-ல் ழாக் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடலாய்வாளர் கப்பலோடு போய் ஆராய்ந்தார். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது, அந்த மாதிரிக் காலங்களில் வளர்ந்தவை.

ஆக, தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, இந்த ஒரு விஷயத்தில் படத்தை முழுப் பொய் என்று தள்ள முடியவில்லை. 120 மீட்டருக்குள் என்றால்.

ரெண்டு பொண்ணுங்களையும் ஏன் இப்படி எழுதியிருக்கான்?

ஒருத்தி சமைப்பாள், பயப்படுவாள். இன்னொருத்தி கிளம்புவதற்கு முன் காதலன் உறவை முறித்து எழுதிய கடிதத்தால் எல்லோர்மேலும் எரிந்து விழுவாள், பெண்ணுக்குப் பெண் சிநேகிதமே கிடையாது என்கிற பொருளில் ஒரு வசனம் வேறு. பழைய காலம் என்று சமாதானம் சொல்லலாம்தான், ஆனால் ஆராய்ச்சிப் பயணத்தில் நாலில் இரண்டு பேர் பெண்கள் என்று யோசிக்கத் தெரிந்த ஆளுக்கு அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கத் தெரியவில்லை, அதுதான் எரிச்சல். ஃபிலிஸ் கோட்ஸ் மட்டும் கிடைத்த வசனத்தைக் கடித்துத் துப்புகிற மாதிரி பேசி அந்தக் காட்சிகளைத் தூங்கவிடாமல் காப்பாற்றுகிறார்.

மொட்டைமாடில கூட்டம் சேத்துப் போடறீங்களே, போலீஸ் கேஸ் ஆகாதா?

அமெரிக்காவில் இந்தப் படம் பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்தாகவே வெகுகாலமாகச் சுற்றிவருகிறது, இணைய ஆவணக் காப்பகங்களில் இலவசமாகக் கிடைக்கும். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1959 படம் என்றால் 2019 முடிவோடு கணக்கு தீர்ந்தது. பிரதிகள் பலவும் மங்கல், ஒலி கரகர, இரண்டு மூன்று பிரதி பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கடைசில இன்னொரு கூண்டுல மேல கொண்டு வந்ததும் ஜாலியா சிரிக்கிறாங்களே, உடம்புக்கு ஒண்ணுமே ஆகாதா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் கேட்டவர் மேலே உள்ள டம்ளர் கதையை நன்றாகப் பிடித்துக்கொண்டார். அழுத்தமான காற்றை நாள்கணக்கில் சுவாசித்தால் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து நிறைந்துவிடும். சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ்குமிழாகப் பொங்கும், மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம், சாவு வரை போகலாம். ஒகேனேயை 30 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்ததற்கே நேராக மேல்காற்றுக்குக் கொண்டுவரவில்லை, அழுத்த அறையில் இரண்டு நாளுக்கும் மேல் வைத்து மெதுவாக இறக்கினார்கள். படத்தின் நால்வரும் கப்பல்தளத்தில் சிரித்துக்கொண்டு நிற்க வழியே இல்லை. மலை குலுங்கிப் பாறை விழுந்து கிழவர் சாவதோடு ஆபத்தெல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுதியவர் நினைத்துவிட்டார், நிஜ ஆபத்து மேலே வரும் வழியில்தான் காத்திருக்கிறது.

இவ்வளவு திட்டறீங்க, அப்புறம் எதுக்கு மறுபடி மறுபடி போடறீங்க?

நல்ல படம் முடிந்தால் எல்லோரும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இது முடிந்தால் நள்ளிரவு வரை யாரும் எழுந்திருப்பதில்லை. வாளி கேட்கிறார்கள், டம்ளர் கேட்கிறார்கள், நானாக இருந்தால் அந்தக் குகையில் இப்படி எடுத்திருப்பேன் என்று பத்தாவது படிக்கிற பையன் கைவிளக்கை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிற இருட்டுக்குள் போய் நடித்துக் காட்டினான். சத்தியமாக, படத்தின் எழுபது நிமிடத்தில் இல்லாத பயம் அந்த அரை நிமிடத்தில் இருந்தது.

அடுத்த முறை படம் முடிந்ததும் ஒகேனேயை மீட்ட காணொளியையும் சேர்த்துப் போடுகிறேன். முக்குளிப்பவரின் தலைக்கவசக் கேமராவில் பதிவானது. கலங்கிய தண்ணீரில் ஒரு கை தெரிகிறது, இன்னொரு சடலம் என்று நினைத்து அவர் அதைத் தொடப்போகிறார், அந்தக் கை இவர் கையைப் பிடித்துக்கொள்கிறது.